தோலும் எண்ணும்: செஞ்சியிலிருந்து மிடி வரை



செஞ்சிக்கு வருகிறவர்களுக்கு ராஜகிரியைக் காட்டுவார்கள். கிருஷ்ணகிரியைக் காட்டுவார்கள். கால் வலிக்காதவர்களுக்குச் சந்திரகிரியையும் காட்டுவார்கள். இவற்றோடு சேர்ந்த இன்னொரு சிறு குன்று உண்டு. சக்கிலி துர்க்கம் என்று அதற்குப் பெயர். கோட்டை வரலாறுகள் அந்தப் பெயரை ஒரு வரியில் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடும். 2025 ஜூலையில் யுனெஸ்கோ மராத்தியர் காலத்துக் கோட்டைகள் பன்னிரண்டை உலக மரபுச் சின்னங்களாக அறிவித்தது. தமிழ்நாட்டிலிருந்து அந்தப் பட்டியலில் இடம்பெற்றது செஞ்சி மட்டும்தான். சிவாஜி கைப்பற்றிய 1677, முகலாயர் முற்றுகையிட்டு நின்ற 1690 முதல் 1698 வரையிலான ஆண்டுகள், தேசிங்கு மாண்ட 1714 எல்லாம் இனி பலகைகளில் பளிச்சென்று எழுதப்படும். எழுதட்டும். ஆனால் எட்டாண்டு முற்றுகையைத் தாங்கிய கோட்டைக்கு அரிசியும் வெடிமருந்தும் மட்டும் போதுமா? சேணம் வேண்டும், கடிவாளம் வேண்டும், செருப்பு வேண்டும், கிணற்றில் நீர் இறைக்கத் தோல் சால் வேண்டும், முரசுக்குத் தோல் வேண்டும். அந்தத் தோலைப் பதனிட்ட கைகளின் சுவடாக இந்தக் கோட்டை நமக்கு விட்டுவைத்திருப்பது ஒரு குன்றின் பெயர். அந்தப் பெயரும் இன்று வசைச்சொல்லாகிவிட்ட பெயர்.

நான் இன்று பேச வந்தது இசையைப் பற்றி. குறிப்பாக, மிடி என்று அழைக்கப்படும் மின்னணு இசைத் தொழில்நுட்பத்தைப் பற்றி. அதற்கும் தோலுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். தொடர்பு இருக்கிறது. ஓர் அடியைத் தோலிலிருந்தும் உடலிலிருந்தும் பிரித்து எண்ணாக்கிக் காட்டிய கருவி அது. நம் வரலாற்றில் இழிவு சுமத்தப்பட்டது அந்தத் தோலின் மீதும் அந்த உடலின் மீதும்தானே.

பறை என்றால் சொல். மலையாளத்தில் இன்றும் பறைதல் என்றால் சொல்லுதல்தான். அரசாணையை ஊருக்குச் சொன்ன கருவி, அதை அடித்தவர்களின் சாதிப் பெயராகி, ஆங்கிலத்துக்குப் போய், உலகம் முழுவதும் ஒதுக்கப்பட்டவனைக் குறிக்கும் சொல்லானது. ஒரு தோற்கருவிக்கு இப்படி ஒரு பயணம் வேறெங்கும் நேர்ந்ததாக எனக்குத் தெரியவில்லை. சாவுக்கு அடி, திருவிழாவுக்கு அடி, ஊர்க் கூட்டத்துக்கு அடி என்று ஏவப்பட்டபோது, கூலியைத் தீர்மானித்தவன் அடித்தவன் இல்லை. அதனால்தான் நம் இயக்க வரலாற்றில் பறையடிக்க மறுத்தது ஒரு போராட்டம், பறையை நம் கலை என்று மேடையேற்றியது இன்னொரு போராட்டம். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்று சிலர் எழுதுவது சரியல்ல. யார் சொல்லி அடிப்பது என்பதே இரண்டிலும் உள்ள கேள்வி.

2022 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசின் தலைமைச் செயலாளர், ஊர்களில் தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்த வேண்டும் என்று மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதினார். வண்டியில் ஒலிபெருக்கி கட்டிச் சொன்னால் போதும், இனி ஒரு மனிதரைப் பறையோடு தெருத்தெருவாக அனுப்ப வேண்டாம் என்பதே அதன் சாரம். வரவேற்க வேண்டிய ஆணை; நானும் வரவேற்றேன். ஆனால் அந்த வண்டியில் மைக்கைப் பிடித்திருப்பவர் யார்? இயந்திரம் வந்தது, இழிவு போனது, கூடவே கூலியும் போனது. இதை மனதில் வைத்துக்கொண்டு மிடியைப் பார்க்கலாம்.

அதற்கு முன் ஆர்மோனியத்தைப் பற்றிக் கொஞ்சம். ஐரோப்பாவிலிருந்து வந்த பெட்டி அது. கமகம் வராது, சுருதி நம்முடையதல்ல என்று சொல்லி 1940 மார்ச்சில் அகில இந்திய வானொலி அதைத் தடை செய்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அந்தத் தடை நீடித்தது. ஆனால் இந்தப் பக்கத்துத் தெருக்கூத்தில் அப்போதும் ஆர்மோனியம் இருந்தது, முகவீணைக்கும் மிருதங்கத்துக்கும் பக்கத்தில். திரௌபதி வழிபாட்டை ஆராய வந்த ஆல்ஃப் ஹில்டெபைட்டல் இரண்டு பெரிய தொகுதிகளாக எழுதினாரே, பழைய செஞ்சி என்று சொல்லப்படும் மேலச்சேரியை அதில் மையமாக வைத்தாரே, அந்தக் கூத்து நிலம்தான் இது. வித்வான்கள் தள்ளிய பெட்டியைக் கூத்துக்காரர் தலையில் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக நடந்தார். பொதுவாகவே புதிய கருவியைக் கண்டு மிரள்கிறவர்கள், பழைய கருவியால் பிழைப்பும் மதிப்பும் பெற்றவர்கள். நம் மக்களுக்கு இழக்க அப்படி ஒன்றும் இல்லாததால் தயக்கம் குறைவு.

இப்போது மிடிக்கு வருகிறேன். 1980 வாக்கில் ஒவ்வொரு நிறுவனத்தின் மின்னணு இசைக் கருவியும் தனித்தனி மொழி பேசியது. ஒரு நிறுவனத்தின் கீபோர்டை இன்னொரு நிறுவனத்தின் ரிதம் பெட்டியோடு இணைப்பது பெரும்பாடு. அமெரிக்காவில் சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸ் நிறுவனத்தின் டேவ் ஸ்மித், செட் வுட் என்ற சக பொறியாளரோடு சேர்ந்து 1981-இல் ஒரு பொது மொழிக்கான திட்டத்தை முன்வைத்தார். ஜப்பானில் ரோலண்ட் நிறுவனத்தை நிறுவிய இகுதாரோ காகேஹாஷியும் இதையே வலியுறுத்தி வந்தார். அவர் குழந்தையிலேயே பெற்றோரை இழந்தவர். போருக்குப் பிந்தைய வறுமையில் கைக்கடிகாரம் பழுதுபார்த்துப் பிழைத்தவர். 1983 ஜனவரியில் கலிபோர்னியாவில் நடந்த இசைக் கருவிக் கண்காட்சியில், ஒரு அமெரிக்க நிறுவனத்தின் கீபோர்டும் ஒரு ஜப்பானிய நிறுவனத்தின் கீபோர்டும் ஒரே கம்பியால் இணைக்கப்பட்டன. இங்கே அழுத்தினால் அங்கே ஒலித்தது. அந்த மொழியைப் பயன்படுத்த யாரும் யாருக்கும் உரிமைத் தொகை கட்ட வேண்டியதில்லை என்று விட்டுவிட்டார்கள். முப்பது ஆண்டுகள் கழித்து, 2013-இல், அதற்காக இருவருக்கும் கிராமி தொழில்நுட்ப விருது கிடைத்தது.

மிடி ஓர் ஒலி அல்ல. இதை மாணவர்கள் கவனமாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஒலிப்பதிவில் காற்றின் அதிர்வு பதிவாகிறது. மிடியில் செயல் மட்டும் பதிவாகிறது. நீங்கள் கீபோர்டின் நடுவிலிருக்கும் 'சி' கட்டையைச் சற்று வேகமாக அழுத்துகிறீர்கள் என்று வையுங்கள். கம்பியில் போவது மூன்று எண்கள்: 144, 60, 100. முதலாவது, முதல் தடத்தில் ஒரு சுரம் தொடங்குகிறது என்கிறது. இரண்டாவது, எந்தக் கட்டை என்கிறது. மூன்றாவது, எவ்வளவு வேகமாக அடித்தீர்கள் என்கிறது. ஒன்றிலிருந்து 127 வரை. விநாடிக்கு 31,250 பிட் வேகத்தில் போகும் அந்தக் கம்பியில் இந்த மூன்று எண்களும் போய்ச் சேர ஆயிரத்தில் ஒரு விநாடிதான் ஆகும். அந்த எண்ணை வாங்கும் கருவி பியானோவாகவும் ஒலிக்கலாம், நாயனமாகவும் ஒலிக்கலாம், பறையாகவும் ஒலிக்கலாம். ஒரு பாட்டு முழுவதற்குமான மிடி கோப்பு ஒரு சிறு புகைப்படத்தின் அளவுகூட இருக்காது.

ஆக, அடித்தவரின் செயல் எழுத்தாகிறது. எழுத்து மறுக்கப்பட்ட ஒரு சமூகம் இந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார வேண்டும். நம் அடிகள் தலைமுறை தலைமுறையாகச் சொற்கட்டாகவும் கைப்பழக்கமாகவும் வந்தவை. அவற்றை எழுதிவைத்தவர்கள் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்த ஆய்வாளர்கள். சுரக் குறிப்பும் கற்காமல், சபாக்களின் படியும் ஏறாமல், அடித்தவரே தன் அடியை அடித்துக்கொண்டே எழுதிவிட முடியும் என்பது இதற்கு முன் இல்லாத ஒன்று.

தமிழில் இதன் தொடக்கத்தைத் தேடினால் 1986-க்குப் போக வேண்டும். கே. பாலசந்தரின் 'புன்னகை மன்னன்' படத்துக்கு இளையராஜா யமாஹா சி.எக்ஸ்.5எம் என்ற கணினியைப் பயன்படுத்தினார். இந்தியத் திரையிசையில் கணினி சீக்வென்சர் நுழைந்தது அப்போதுதான் என்று சொல்கிறார்கள். இளையராஜாவைச் சாதியோடு சேர்த்துப் பேசுவதை அவர் விரும்புவதில்லை. அவருடைய அரசியலோடு நமக்கு உடன்பாடு உண்டா என்பதும் வேறு பேச்சு. என் கவனம் வேறொன்றில் இருக்கிறது. பண்ணைப்புரத்திலிருந்து, அண்ணன் பாவலர் வரதராசனோடு கம்யூனிஸ்ட் மேடைகளில் ஆர்மோனியம் வாசித்துக்கொண்டு வந்த இளைஞர், சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை எழுத்தைக் கற்றார். அந்த எழுத்தால் முழு வாத்தியக் குழுவையும் தாளில் எழுதிக் கொடுக்கும் ஆற்றல் பெற்றார். அதற்குப் பிறகு எண்ணையும் கையில் எடுத்தார். எழுதத் தெரிந்தவராகவே அவர் கணினிக்கு முன் உட்கார்ந்தார். அதனால் கணினி அவருக்கு வேலையாளாக இருந்தது.

ஊர்ப்பக்கம் மிடி வேறு உருவில் வந்தது. ரோலண்ட் 1985-இல் கொண்டுவந்த ஆக்டபேட் எட்டு ரப்பர் பட்டைகள் கொண்டது. முதல் ஆக்டபேடுக்குச் சொந்த ஒலியே கிடையாது. குச்சியால் அடித்தால் மிடி எண்ணை மட்டும் அனுப்பும். பின்னால் ஒலிகளோடு வந்தவற்றைத்தான் நம் லைட் மியூசிக் குழுக்கள் வாங்கின. 'ரிதம் பேட்', அல்லது சும்மா 'பேட்'. தபேலாக்காரர், டோலக்காரர், காங்கோக்காரர், பறைக்காரர் நால்வரின் இடத்தில் ஒரு பேட்காரர் நின்றார். குழுவுக்குச் சம்பளம் மிச்சம், வண்டியில் இடமும் மிச்சம். பறையின் ஒலி மேடைக்குப் போனது, பறைக்காரர் மேடைக்குக் கீழே நின்றார். தண்டோரா வண்டியில் நடந்ததே இங்கும் நடந்தது.

இதில் இன்னொரு நுட்பம் உண்டு. 1991-இல் ஜெனரல் மிடி என்று ஒரு பொதுப் பட்டியல் வகுத்தார்கள். எந்த நிறுவனத்தின் கருவியானாலும் 1-ஆம் எண் பியானோ, 41-ஆம் எண் வயலின் என்று 128 ஒலிகளுக்கு இடம் ஒதுக்கினார்கள். அதில் சித்தாருக்கு 105-ஆவது இடம். ஷெனாய்க்கு 112. ஜப்பானின் தைகோ முரசுக்கு 117. நாகஸ்வரம் இல்லை. தாளக் கருவிகளுக்குத் தனியே 10-ஆம் தடத்தை ஒதுக்கி 47 ஒலிகளை வைத்தார்கள். பாங்கோ இருக்கிறது, காங்கா இருக்கிறது, ஆப்பிரிக்க வழிவந்த அகோகோ இருக்கிறது, பிரேசிலின் குயிகா இருக்கிறது. தவில் இல்லை, மிருதங்கம் இல்லை, தபேலாகூட இல்லை. பறையை நான் சொல்லவே வேண்டியதில்லை. இதில் சதி எதுவும் இருந்ததாக நான் நினைக்கவில்லை. அகோகோவும் குயிகாவும் அங்கே இருப்பதற்குக் காரணம், அவற்றை அடித்த ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்கக் கலைஞர்கள் பல பத்தாண்டுகளாக ஒலிப்பதிவுக் கூடங்களுக்குள் இருந்ததுதான்.

அமெரிக்கக் கறுப்பின இளைஞர்களின் அனுபவம் நமக்கு இன்னொன்றும் சொல்கிறது. ரோலண்டின் 808, 909 என்ற தாளப் பெட்டிகள் உண்மையான டிரம்ஸ் போல ஒலிக்கவில்லை என்று விற்பனையில் தோற்றன. பழைய சாமான் கடைகளில் மலிவாகக் கிடைத்தன. டெட்ராய்ட் நகரில் ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் போன்றவர்கள் அப்படிப்பட்ட மலிவான பெட்டிகளிலிருந்து டெக்னோ என்ற புதிய இசையையே உண்டாக்கினார்கள். வேறொன்றைப் போல ஒலிக்கச் சொல்லி அவர்கள் அந்தப் பெட்டியை வற்புறுத்தவில்லை. அதற்கு என்ன வருமோ அதையே வாசித்தார்கள்.

அப்படியானால் ஒரு பறைக் கலைஞருக்கு மிடியால் என்ன செய்ய முடியும்? இங்கே நான் கொஞ்சம் நின்று பேச விரும்புகிறேன்.

பறைக்கு இரண்டு குச்சிகள். மெல்லிய, நீளமான சிண்டுக்குச்சி ஒரு கையில், தடித்த, குட்டையான அடிக்குச்சி மறு கையில். சிண்டுக்குச்சி தோலின் மேல் படிந்து விழும் அடி ஒன்று, அடிக்குச்சியின் நுனி நடுவில் விழும் அடி ஒன்று, இரண்டும் சேர்ந்து விழுவது ஒன்று. அடிப்படை இவ்வளவுதான், விரிவுக்கு எல்லையில்லை. தீயில் காய்ச்சிய உடனே கணீரென்று இருக்கும் பறை, நேரம் போகப் போகத் தளரும். நல்ல கலைஞர் அந்தத் தளர்ச்சிக்கு ஏற்றபடி அடியை மாற்றுவார். கடையில் கிடைக்கும் பறை ஒலித் தொகுப்புகளில் இது எதுவும் இருக்காது. ஒரே அடியைப் பதிவுசெய்து எல்லாக் கட்டைக்கும் வைத்திருப்பார்கள். நீங்களே செய்யுங்கள். ஒவ்வோர் அடியையும் மெதுவாக, நடுத்தரமாக, ஓங்கி என்று பல வேகத்தில், ஒவ்வொரு வேகத்துக்கும் நாலைந்து முறை பதிவுசெய்யுங்கள். மிடியின் மூன்றாவது எண் எதை எடுப்பது என்று தீர்மானிக்கும். காய்ச்சிய பறை, பாதி தளர்ந்த பறை, முழுக்கத் தளர்ந்த பறை என மூன்று நிலைகளையும் பதிவுசெய்து, மிடியில் உள்ள ஒரு கட்டுப்பாட்டுத் திருகைச் 'சூடு' என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பாட்டின் போக்கில் பறை மெல்ல ஆறிக்கொண்டே வருவதை ஓர் இசைக் கருத்தாகவே எழுதலாம். தீ மூட்டிய களத்தில் நிற்கிற யாராலும் இருபது பறைகளை இருபது வெவ்வேறு சூட்டில் ஒரே நேரத்தில் வைத்திருக்க முடியாது. மிடியில் முடியும்.

தோலை விட்டுவிட வேண்டும் என்றும் இல்லை. பீசோ தகடு என்று ஒன்று மின்னணுப் பொருள் கடைகளில் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. பறையின் சட்டத்தில் அதை ஒட்டி, ஆர்டுயினோ போன்ற சிறிய பலகையோடு இணைத்தால், நிஜப் பறையில் விழும் ஒவ்வோர் அடியும் மிடி எண்ணாகும். பொறியியல் மாணவர்களுக்கு இது ஒரு வார இறுதி வேலை. பிறகு அந்த அடி ஒரு சுரத்தை எழுப்பட்டும், ஒப்பாரியின் மெட்டை எழுப்பட்டும். தாளம் மட்டுமே வாசிக்க அனுமதிக்கப்பட்ட கை அப்போது மெட்டும் போடும். இதற்குப் பெரிய கணினி வேண்டாம். 2011 முதல் மேல்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி ஒன்று வீட்டில் ஓடும் நிலையில் இருந்தால் போதும். எல்.எம்.எம்.எஸ். போன்ற இலவச மென்பொருள் அதில் ஓடும்.

ஒரு பொறியில் மட்டும் விழாதீர்கள். எல்லா மென்பொருளிலும் குவாண்டைஸ் என்று ஒரு வசதி இருக்கிறது. முன்னே பின்னே விழுந்த அடிகளை இழுத்துக் கட்டத்துக்குள் நேராக உட்கார வைக்கும். கேட்கச் சுத்தமாக இருக்கும், ஆனால் பறை செத்துப்போயிருக்கும். பறையாட்டத்தில் அடிக்கிறவரே ஆடுகிறவரும்கூட. கால் தரையில் ஊன்றும் கணத்துக்காகக் கை ஒரு நூல் அளவு பிந்துகிறது. அந்தப் பிந்துதலில்தான் ஆட்டம் இருக்கிறது. மிடி அந்தப் பிந்துதலையும் துல்லியமாகவே பதிகிறது. பதிந்ததை நேராக்குவது நாம்தான். அதேபோல 127 படிகளும் போதாது என்று தோன்றினால், 2020-இல் வந்த மிடி 2.0 அதை 65,536 படிகளாக்கியிருக்கிறது. கருவி நம் கைக்கு ஏற்ப விரிகிறது. நம் கையை அதற்கேற்பச் சுருக்க வேண்டியதில்லை.

மேடையில் இதன் ஒரு வடிவத்தை நாம் பார்த்துவிட்டோம். 2018 ஜனவரியில் சென்னையில் அரங்கேறிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்', பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் டென்மாவும் சேர்ந்து உருவாக்கியது. பெயரின் பின்னால் அயோத்திதாசப் பண்டிதரின் சாதிபேதமற்றோர் என்ற கருத்து இருக்கிறது. கானா, ராப், கிதார், பறை, சட்டி, கட்ட மோளம் எல்லாம் ஒரே ஒலிக் கலவையில் சம எடையோடு வந்தன. அந்தக் குழுவில் பாடிய அறிவு, 2021-இல் 'எஞ்சாயி எஞ்சாமி' என்ற பாடலை எழுதிப் பாடினார். உலகமெங்கும் அது போனது. ஆனால் அதே ஆண்டு ஆகஸ்டில் ஓர் இசை இதழின் அட்டையில் அந்தப் பாடலோடு தொடர்புடைய ஒருவரின் முகம் வந்தபோது, அறிவின் முகம் இல்லை. ரஞ்சித் வெளிப்படையாகக் கேள்வி கேட்டார். ஒலி எவ்வளவு தூரம் போனாலும், பெயர் தானாகக் கூடப் போவதில்லை.

எனவே சட்டத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை. வழிவழியாக வந்த ஓர் அடிக்கு நம் பதிப்புரிமைச் சட்டத்தில் உரிமையாளர் இல்லை. ஆனால் அந்த அடியின் ஒலிப்பதிவுக்கு உரிமையாளர் உண்டு: பதிவைத் தயாரித்தவர். ஒருவர் உங்கள் ஊருக்கு வந்து, நல்ல மைக் வைத்து, உங்கள் அப்பாவின் அடிகளைப் பதிவுசெய்து கொண்டுபோனால், அந்தப் பதிவை ஒலித் தொகுப்பாக விற்கும் உரிமை அவருக்குப் போய்விடக்கூடும். 2012-இல் திருத்தப்பட்ட சட்டம், நிகழ்த்துநருக்கும் வணிகப் பயன்பாட்டில் பங்குத்தொகை உண்டு என்கிறது. கையெழுத்துப் போடும் முன் அந்தப் பிரிவைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். முடிந்தால் பதிவுப் பொத்தானை நீங்களே அழுத்துங்கள். செஞ்சி, மேல்மலையனூர், திண்டிவனம் பக்கத்து ஊர்களில் சாவுக்கென்றும் சாமிக்கென்றும் தனித்தனியே இருக்கும் அடிகளை, அவற்றை அடிக்கும் பெரியவர்கள் நம்மோடு இருக்கும்போதே, ஒலியாகவும் மிடியாகவும் சேர்த்துப் பதிந்துவைக்கும் வேலையை இந்த மன்றத்து மாணவர்கள் இந்த ஆண்டே தொடங்கலாம்.

கடைசியாக ஒரு தகவல். மிடி கோப்புக்குள் இசையோடு சேர்த்துச் சொற்களை எழுதவும் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். எண் 2 என்ற இடத்தில் காப்புரிமையாளர் பெயர், எண் 3-இல் தடத்தின் பெயர், எண் 4-இல் கருவியின் பெயர். பெரும்பாலோர் அதை நிரப்புவதே இல்லை. சில பழைய மென்பொருள்கள் தமிழ் எழுத்தைச் சரியாகக் காட்டாமல் போகலாம். அப்படியானால் ஆங்கில எழுத்திலாவது எழுதுங்கள். இரண்டாவது இடத்தில் அடித்தவரின் பெயரை. மூன்றாவது இடத்தில் எந்த அடி, எந்த ஊர் என்பதை. நான்காவது இடத்தில் பறை என்று.